கன்டினியூட்டி

எலுமிச்சை ஒன்பது, அதில் வெட்டியது நான்கு.
குங்குமம் இடது புருவத்துக்கு மேல் அரை விரல்.
என் நோட்டில் பேய்க்கு அவ்வளவுதான் இடம்.

காவேரிப்பட்டணத்துக்கு வெளியே
சீசன் முடிந்த மாங்கூழ் ஆலைதான் எங்கள் பேய் பங்களா.
டிரம்களைத் துணியால் மூடினோம்.
வாசனையை மூட முடியவில்லை.

அங்கேயே கொட்டை பிரிக்கும் மாதம்மாளை
ஏஜென்ட் கூட்டிவந்தான்.
"மயானக் கொள்ளைக்கு வருசா வருசம்
இந்தம்மாவுக்கு வரும் சார். ஒரிஜினல்."

வந்தால் என்ன செய்வீங்க, டைரக்டர் கேட்டார்.
"செருப்பக் கழட்டுவேன். தண்ணி கேப்பேன்.
அப்புறம் யாரையோ கூப்புடுவேனாம்.
நான்தான் அங்க இருக்க மாட்டேனே."

அது போதாது.
வெள்ளை லென்ஸ் வைத்தோம்.
சுவரில் சிலுவையைத் தலைகீழாக மாட்டிய
ஆர்ட் அசிஸ்டென்ட் ஆரோக்கியம்
யாரும் பார்க்காதபோது நெஞ்சில் சின்னதாக ஒன்று போட்டுக்கொண்டார்.
அரிசிமாவு யந்திரத்துக்கு எழுத்து நான்.
ஓம். ஹ்ரீம். மூன்றாவது எதுவும் வராமல்
என் பைக் நம்பரைப் போட்டேன், 4417.

ஏழு டேக்.
ஒவ்வொன்றுக்கும் முன்னால் எதையோ முனகினாள்.
என்னம்மா அது?
"வந்துடாத தாயே, இது சும்மான்னு சொல்றேன்."
எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியாமல்
'இதர'வில் எழுதினேன்.
ஆயிரத்து ஐநூறு. வவுச்சரில் கைநாட்டு.

படத்தில் அவள் குரல் இல்லை.
சென்னையில் ஒருத்தன் உறுமிக் கொடுத்தான்.

அடுத்த மாசியில் போயிருந்தேன்.
தென்பெண்ணைக் கரைச் சுடுகாடு,
பம்பை, தலைக்கு மேல் பறக்கும் சுண்டல்.
பதினெட்டு வயசு இருக்கும், ஒரு பெண்
கழுத்தைத் திருகினாள், நாங்கள் சொல்லிக்கொடுத்த மாதிரி.
உறுமினாள்.
மிக்ஸிங்கில் நாற்பது முறை கேட்ட உறுமல்.
சனம் அவள் காலில் விழுந்தது.
விழாதவர்கள் செல்போனில் பிடித்தார்கள்.
பொய் என்று சொல்ல வாயெடுத்தேன்.
அவள் கண்ணில் லென்ஸ் இல்லை.

நாலடி தள்ளி மாதம்மாள்
செருப்பைக் கழட்டி ஜோடியாக வைத்தாள்.
தண்ணி, என்றாள்.
பம்பைச் சத்தத்தில் யாருக்கும் விழவில்லை.
என்னிடம் பாதி பாட்டில் இருந்தது.
குடித்தாள், வாயைத் துடைக்கவில்லை,
என்னை யாரென்றே தெரியாமல் பார்த்து
மெதுவாகக் கூப்பிட்டாள்:

நாலு. நாலு. ஒண்ணு. ஏழு.

பைக் பாலத்துக்கு அந்தப் பக்கம் நிற்கிறது.
இன்னும் போய் எடுக்கவில்லை.