துணைக் கேள்வி

அட்ராக்டா ஹெனகனுக்குச் சனிக்கிழமை கல்யாணம்.
வெள்ளி மாலை ஐந்து மணிக்கு
அவள் நாற்காலி எனக்கு வந்தது.
பரிசுக் கடிகாரத்துக்கு ஆளுக்கு இரண்டு ஷில்லிங்;
நான் மூன்று போட்டேன்.
வாரத்துக்குப் பதினான்கு ஷில்லிங் கூடுகிறதே,
மனசாட்சி சும்மா இருக்குமா?

மோதிரம் ஏறினால் பேனா இறங்க வேண்டும்,
அவ்வளவுதான் விதி.
சேவை செய்த ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளம் கொடுத்து
வாசல் வரை வந்து வழியனுப்புவார்கள்.
அந்தக் கணக்கைப் போடத் தெரிந்தவள்
எங்கள் பிரிவில் அவள் ஒருத்திதான்.
தன் கணக்கைத் தானே போட்டாள்.
ஆறு பென்ஸ் அதிகம் வந்திருந்தது.
அடித்துத் திருத்தினாள்.

மூன்று வருடம் போயிற்று.
நவம்பர் மாதம், டப்ளினில் நான்கு மணிக்கே இருட்டு.
மணமான பெண்கள் அரசுப் பணியில் தொடர
அனுமதிப்பாரா அமைச்சர் என்று
உறுப்பினர் ஒருவர் கேள்வி கொடுத்திருந்தார்.
நாளை மூன்று மணிக்குப் பதில் வேண்டும்.
போன தடவை சொன்ன பதில் எந்தக் கோப்பில்?
அலமாரி அலமாரியாகத் தேடினோம்.
திரு. கான்சிடைன் தொண்டையைச் செருமினார்:
"மிஸ் மல்க்வீன், அவள் வீடு உனக்குத் தெரியுமே."

கால்வாய்ப் பாலம் தாண்டி கிரம்ளின் வரை
எதிர்க்காற்றில் சைக்கிள் மிதித்தேன்.
எல்லா வீடும் ஒரே வீடு;
கதவின் நிறத்தை வைத்துக் கண்டுபிடித்தேன்.

வீட்டுக்குள்ளிருந்தே பெண் நாட்டைத் தாங்குகிறாளாம்,
அரசியலமைப்பில் அப்படி ஒரு பிரிவு உண்டு.
அன்று அதைக் கண்ணால் பார்த்தேன்.
இடுப்பில் ஒன்று, வயிற்றில் ஒன்று,
முழங்கை வரை மாவு,
அடுப்பில் முட்டைக்கோசு பொங்கி வழிய
திரும்பாமலே கோப்பு எண்ணைச் சொன்னாள்.
"பச்சை நாடா. கீழ்த்தட்டு.
ஜன்னல் ஆடாமலிருக்க நான் முட்டுக் கொடுத்த கட்டு."

பிறகு பதிலையும் சொன்னாள்,
ஜெபம் போல, ஒரே மூச்சில்:
"இது குறித்து எந்த முன்மொழிவும்
அரசின் பரிசீலனையில் இல்லை."
எட்டு வருடத்துக்கு முன் அவள் எழுதியது.
கழுத்துச் சங்கிலியில் அப்போதே
டுவோஹியின் மோதிரம் தொங்கிக்கொண்டிருந்தது,
சட்டைக்குள்.

வாசலில் சொன்னாள்:
"'தற்போது' என்ற சொல்லைச் சேர்த்துவிடாதே, ஈட்டா.
சேர்த்தால் 'பின் எப்போது?' என்று
துணைக் கேள்வி வரும்."
குழந்தையை இடம் மாற்றி வைத்துக்கொண்டு
இன்னொரு தரம் சொன்னாள்:
"'தற்போது'. ஞாபகம் இருக்கட்டும்."

இரண்டாம் தரம் ஏன் சொன்னாள் என்று
வழியெல்லாம் யோசித்தேன்.
விளக்கில்லாத சைக்கிள். மழை வேறு.

காலையில் தட்டெழுதினேன்.
ஒரு சொல், அதற்கு ஓர் இடைவெளி.
கான்சிடைனுக்கு அன்று குதிரைப் பந்தயம்,
தொப்பியோடு நின்றபடியே சுருக்கொப்பமிட்டார்.

லென்ஸ்டர் மாளிகை. அதிகாரிகளுக்கான பெட்டியில் நான்.
கீழே அத்தனை கோட்டுகளுக்கு நடுவே
ஒரு கை விரலுக்குள் அடங்குகிற பெண்கள்;
பெரும்பாலும் செத்த கணவனின் இருக்கையில்
அவன் ஓட்டுகளுக்குக் காவலாக.
பின்வரிசையில் ஒருத்தி,
மூன்று கூட்டத்தொடராக வாய் திறக்காதவள்,
கையுறை விரல்களை ஒவ்வொன்றாக இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

அமைச்சர் படித்தார்:
"... எந்த முன்மொழிவும் தற்போது
அரசின் பரிசீலனையில் இல்லை."

கேள்வி கேட்டவர் உட்கார்ந்துவிட்டார், திருப்தியாக.
கையுறைக்காரி எழுந்தாள்.
அவள் குரல் எப்படியிருக்கும் என்று
அந்த அவைக்கே தெரியாது. கொஞ்சம் கீச்சென்றிருந்தது.
"அப்படியானால் எப்போது?"

யாரோ சிரித்தார்கள்.
அமைச்சர் தாளைப் புரட்டினார்,
அடுத்த தாளையும்.
பிறகு தலையைத் திருப்பி
எங்கள் பெட்டியைப் பார்த்தார்.

அந்தப் பெட்டியில் இருப்பவர்கள் பேசக் கூடாது.
நான் குனிந்து
அவிழாத ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தேன்.