கூடச் சுற்றும் மரை

பகாவ் பட்டணத்திலிருந்து செம்பனை ஆலைக்குப்
பதினொரு கிலோமீட்டர்.
அதில் ஏழு, தன்னைத் தார்ச்சாலை என்று சொல்லிக்கொள்ளும்.
மிச்சம் லாரி அரைத்த செம்மண்.
போன வாரம் அந்தச் செம்மண்ணில் இறங்கியதும்
முன்சக்கர மட்கார்ட் பேச ஆரம்பித்தது.

முதலில் டிக்.
பிறகு டிக்டிக்.
பிறகு இரவு ஷிப்ட் முழுக்க,
எண்ணெய் மாதிரியைக் குடுவையில் சூடாக்கும்போதும்
காதுக்குள் அதே தாளம்.

கார்பன் சைக்கிள். சிரம்பான் பல் டாக்டர் ஒருவர்
முதுகுவலி வந்து விற்றது, ஆயிரத்து அறுநூறு வெள்ளி.
இரண்டு விரலால் தூக்கலாம்.
இதில் போய் மட்கார்ட் மாட்டுவார்களா என்றாள்
ஆய்வகத்தில் கூட இருக்கும் நோர்லிசா.
நவம்பரில் வா, உன் வெள்ளைச் சப்பாத்தோடு,
என்றேன்.

ஞாயிறு பசியாறிவிட்டு
வாஷிங் மெஷின் பக்கத்தில் தலைகீழாக நிறுத்தினேன்.
ஃபோர்க்கின் இடக்கால் அடியில் ஒரு சின்ன ஆணி.
இறுக்கினேன். சுற்றியது.
தளர்த்தினேன். சுற்றியது.
எந்தப் பக்கம் திருப்பினாலும்
சுகமாகச் சுற்றியது.
இறுகவும் இல்லை
கழன்று வரவும் இல்லை.

கார்பனுக்குள் ஒட்டிவைத்த அலுமினிய உள்மரை
பசை விட்டுப்போய்
ஆணியோடு சேர்ந்தே சுற்றுகிறது.
மரை தேயவில்லை, ஒவ்வொரு பல்லும் அப்படியே இருக்கிறது.
உள்ளேயிருந்து மறுக்கத்தான் ஆள் இல்லை.

தயாளனைக் கூப்பிட்டுக் காட்டினேன்.
"சரி" என்றார்.
அவர் அப்படித்தான்.
நீலாய்க்குக் குடிபோகலாமா? சரி.
வேண்டாம், இங்கேயே இருந்துவிடலாமா? சரி.
உங்கள் அக்கா வாங்கின பணத்தைக் கேட்கவா? சரி.
கேட்காமல் விட்டுவிடவா?
பதினான்கு வருடம்
நான் திருப்பின பக்கமெல்லாம்.

லியோங் கடையில் எப்பாக்சி இரண்டு வகை.
ஐந்து நிமிடத்தில் காய்வதை எடுத்தேன்.
அவர் அதை என் கையிலிருந்து வாங்கி
அலமாரியில் திரும்ப வைத்தார்.
"ஒரு நாள் ஆகும் இதைக் கொண்டுபோ.
மழையில் ஓட்டுகிறவள்தானே நீ?"

இடுக்கியால் பிடித்து இழுத்ததும்
ஆணியும் மரையும் சேர்ந்து
பால்பல் மாதிரி வந்தன.
வேரில் வெள்ளைப் பொடி.
அலுமினியமும் கார்பனும் மழைத்தண்ணீரும்
எனக்குத் தெரியாமல் நடத்திய விவகாரம்.
உப்புத்தாளால் தேய்த்தேன்.
ஸ்பிரிட்டால் துடைத்தேன்.
ஓட்டைக்குள் கறுப்பு நார், வாரின தலைமுடி போல
ஒரே திசையில் படிந்திருந்தது.
ஆணியின் பல்லுக்கு வாசலின்,
மரையின் வெளிப்புறத்துக்குப் பசை.
இது மாறினால் தீர்ந்தது கதை.

மீந்த பசையை மைலோ டின் மூடியில் விட்டிருந்தேன்,
மணிக்கொரு தரம் நகத்தால் குத்திப் பார்க்க.
ஆய்வகப் பழக்கம்.
அன்றிரவு வேலைக்கு நோர்லிசாவின் மோட்டார் சைக்கிளில் போனேன்.
வழியெல்லாம் ஒரு டிக்கும் இல்லை.
என்னவோ போல் இருந்தது.

திங்கள் சாயங்காலம் மூடியில் இருந்தது கல்.
மட்கார்ட் கம்பியை வைத்து, வாஷர் வைத்து,
சாவியின் குட்டைப் பக்கத்தை இரு விரலில் பிடித்துத்
திருப்பினேன்.
போனது. போனது.
நின்றது.
உள்ளே யாரோ காலூன்றிவிட்டார்கள்.

சந்தோஷத்தில் சாவியைத் திருப்பி
நீளப் பக்கத்தைப் பிடித்தேன்.
இன்னும் ஒரு கால் சுற்று, அவ்வளவுதான்.

என் மணிக்கட்டின் மேல் ஒரு கை.
"வேண்டாம்."

நிமிர்ந்து பார்த்தேன்.
யார் சொன்னது என்பதுபோல்
அவரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
கூரைத் தகரத்தில் மழை தொடங்கியது,
அங்கொன்றும் இங்கொன்றுமாக.

"சரி" என்றேன்.

செவ்வாய் இரவு, செம்மண், அடைமழை.
சக்கரத்தடியில் தண்ணீர் மட்டும் பேசியது.
வலக்கால் ஆணியை ஆலை வாசலில்
குனிந்து தொட்டுப் பார்த்தேன்.
அசையவில்லை, இதுவரை.

நீலாய் பற்றி அவரிடம்
மறுபடி கேட்கவேண்டும்.