கூட்டக் குறிப்பு

கொக்குவில், ரியூட்டறியின் பின்னறை.
ஞாயிறு மூன்று மணி. வந்தவர்கள் பதினொருவர்.
கதிரை பதின்மூன்று சொல்லிவிட்டேன்,
பழைய பட்டியலைப் பார்த்து.

முதலில் பதிவு விடயம்.
கந்தோரில் ஒரு சொல்லை வெட்டச் சொன்னார்களாம்.
'போர்க்கால' போனது.
இனி நாங்கள் வெறும் தாதியர் நலன்புரிச் சங்கம்.
யூஜினிக்குக் கோபம்:
"அப்ப நாங்கள் என்ன, தடிமனுக்கோ மருந்து கட்டினது?"
ஒருத்தரும் சிரிக்கவில்லை.
பிறகு எல்லாரும் சிரித்தோம், கனநேரம்.

சுகிர்தமலரின் முழங்கால் ஒப்பரேசனுக்கு
ஐயாயிரம் கொடுப்பதென்று முடிவு.
அவள் வேண்டாமென்றாள்.
அதை எழுதவேண்டாம் என்றார்கள்.

படம் எடுக்கையில் கொன்சி விலகி நின்றாள்.
மகனுடைய விசா அலுவல் முடியட்டுமாம்.
போனை அவளிடமே கொடுத்தோம்.
படத்தில் பத்துப் பேர்.

அருந்தவம் வரவு செலவு வாசிக்கத் தொடங்க
கரண்ட் போனது.
யாரும் எதுவும் சொல்லவில்லை.
போன்கள் எரிந்தன, ஒன்றன்பின் ஒன்றாய்,
அவளுடைய இடத்தோளுக்கு மேலால், சற்றே சரித்து,
கொப்பியில் ஒரு விரலின் நிழலும் விழாதபடி.
அவள் நிமிராமல் கையை மட்டும் நீட்டினாள்.
பக்கத்திலிருந்தவள் பேனையை வைத்தாள்,
அழுத்தி, உள்ளங்கையில் படும்படி.

பேந்து கரண்ட் வந்தது.
கூட்டி முடிக்கும்வரை
ஒருத்தியும் வெளிச்சத்தை இறக்கவில்லை.

மிகுதி ரூபா ஆயிரத்து முந்நூற்று நாற்பது.
கணக்கு ஏற்றுக்கொள்ளப்பட்டது.
முன்மொழிந்தது யூஜினி.
வழிமொழிந்தது யாரென்று குறிக்கவில்லை,
நானும் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.