சாட்சி விகுதி

இஸ்மிர் துறைமுகத்தில் முப்பத்தோரு ஆண்டு
உலர் அத்திப் பெட்டிகளை எண்ணியவர் ரிஃபாத்.
பார்த்தேன், எண்ணினேன், சரி
என்று தினமும் கையெழுத்திட்டவர்.
மார்ச்சில் ஒரு காலை, பாதிச் சவரத்தில்,
இடப்பக்க மூளையில்
ஒரு அத்தி அளவுக்கு இருட்டு.

சொற்கள் திரும்பி வந்தன, ஒவ்வொன்றாக, நொண்டிக்கொண்டு.
கரண்டி. செருப்பு. மெலாஹத் (அது மனைவி பெயர்).
வினைகளும் வந்தன,
எல்லாவற்றுக்கும் ஒரே வால்.

அந்த மொழியில் நடந்ததைச் சொல்ல இரண்டு வால் உண்டு.
‘தி’ என்று முடித்தால் நானே கண்டது.
‘மிஷ்’ என்று முடித்தால் யாரோ சொன்னது.
இரண்டாவதற்கு நம்மிடம் ‘ஆம்’ இருக்கிறது:
தனியே நின்றால் சம்மதம்,
வினையின் பின்னால் ஒட்டிக்கொண்டால் வதந்தி.
முதலாவதற்கு ஒன்றும் இல்லை.
கண்டவன் வெறுங்கையோடு நிற்கிறான்,
கண்ணால் காண்பதும் பொய் என்று
அவன் தலையில் ஒரு பழமொழி வேறு.

ரிஃபாத்துக்குத் தொலைந்தது ‘தி’.
நனைந்த தலையோடு உள்ளே வந்து
மழை பெய்ததாம் என்கிறார்.
முட்டியில் ரத்தம் வழிய: நான் விழுந்தேனாம்.
பேச்சுச் சிகிச்சை தரும் பெர்ரின்
மேசையிலிருந்த கண்ணாடிக் குவளையை
வேண்டுமென்றே தள்ளிவிட்டாள்.
என்ன ஆயிற்று?
உடைந்ததாம்.
யார் சொன்னது?
அவர் தன் கண்ணைத் தொட்டுக் காட்டினார்.
பிறகு வாயைத் தொட்டார். கையை விரித்தார்.

பல்கலைக்கழகத்திலிருந்து மொழியியலாளர் ஒருவர்
ஒலிப்பதிவுக் கருவியோடு வந்தார்.
வாக்கியத்தை மரமாக வரைந்து
முறிந்த கிளையில் ஒரு வட்டமிட்டார்.
அவர் சொல்வது பொய்யா? பெர்ரின் கேட்டாள்.
இல்லை. உடைந்தது உடைந்ததுதான்.
அப்படியானால் கெட்டுப்போனது எது?
பேனாவை மூடினார். திறந்தார்.
உண்மை அப்படியே இருக்கிறது, என்றார்,
அதற்கு ஜாமீன் நிற்கத்தான் ஆள் இல்லை.

பயிற்சித் தாளில் நாற்பது வினைகள்.
வந்தான், விழுந்தது, சமைத்தேன், கொதித்தது.
வராந்தாவில் மெலாஹத் பெர்ரினை நிறுத்தி
ஒன்றின் மேல் விரல் வைத்தாள்.
இது மட்டும் வேண்டாம்.

பதினோரு ஆண்டுக்கு முன், போர்னோவா சாலையில்,
மகனின் மோட்டார்சைக்கிள்.
பிணவறைக்குள் போனவர் அப்பா மட்டும்.
வெளியே பெஞ்சில் இருந்தவளிடம் வந்து
ஒரே ஒரு வினை சொன்னார், ‘தி’ போட்டு.
அவள் பார்க்கவில்லை.
இத்தனை காலம் அவருடைய விகுதியை நம்பியே
அழுதிருக்கிறாள்.

இப்போது தாய்லானின் படத்தைப் பார்த்து
இறந்தானாம் என்கிறார்,
அடுத்த தெருச் சேதி போல.
வீட்டில் சாட்சியே இல்லை.
முதல் முறை கேட்டபோது உடைந்துபோனேன், என்றாள் மெலாஹத்.
இரண்டாம் முறை,
இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன்.

பெர்ரின் தாளை மடித்துக் கிழித்தாள். முப்பத்தொன்பது.
விகுதி ஒரு சொல் அல்ல,
திரும்பினால் எல்லா வினைக்கும் திரும்பும்
என்பதை அவளிடம் சொல்லவில்லை.

ஜூனில் ஒரு வியாழக்கிழமை
ரிஃபாத் தேநீரை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு,
துறைமுகக் குரலில்,
ஆறிப்போச்சு என்றார்.

ஆறிப்போச்சு. அவ்வளவுதான். வேறு ஒட்டு இல்லை.
பெர்ரின் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டாள்.
மெலாஹத் அசையவில்லை.
குவளையை வாங்கி
இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துக்கொண்டு
இல்லையே, சூடாகத்தானே இருக்கிறது
என்றாளாம்.

நான் அங்கே இல்லை.