இலையின் அடிப்பக்கம்

வேட்டு ஒன்றுதான் கேட்டது.
கிழக்கு வெளுக்கிற நேரம்,
மங்கைத் துடைத்துக் கவிழ்த்துக்கொண்டிருந்தேன்.
பஞ்சோர் மலைப்பக்கம் என்று காது சொன்னது.
தேங்காய் நார் கருகிய வாசம்
அப்புறம்தான் தீம்பாருக்குள் இறங்கியது.

மரியசூசையின் துப்பாக்கி
தண்ணீர்க் குழாய்க்குப் பிறந்தது.
மருந்து, நார்த்தக்கை,
கோலா ஜூரு வலையில் கழற்றிய ஈயம்,
மேலே இன்னொரு தக்கை.
கம்பியால் இடித்து இறுக்குவதற்குள்
மானுக்கு நரை விழுந்துவிடும் என்பாள் அவன் பெண்டாட்டி.
சுட்டவனுக்குத் தெரிவது புகை.
புகை விலகினால்
கேளையாடு நின்ற இடத்தில்
வெறும் இடம் நிற்கும்.

என்னைக் கூப்பிட வந்தவர் பாக் டின்,
இடுப்பில் கத்தியோடு.
உயிர் இருக்கும்போதே அறுத்தால்தான்
அவர் வீட்டுச் சட்டிக்குப் பங்கு.
"லெக்காஸ், காத்தாயி, லெக்காஸ்!"
சூசை எங்கே என்றேன்.
மேலே போனான், கூப்பிட்டால் குரல் இல்லை,
மான் பின்னால் ஓடியிருப்பான் என்றார்.

முட்டாள். அடிபட்டதை உடனே துரத்தினால்
மூன்று மேடு தாண்டிப் போய்ச் சாகும்.
விட்டால், பக்கத்திலேயே படுக்கும்.
நான் உட்கார்ந்தேன்.
வெற்றிலை மடித்து, மென்று, துப்பினேன்;
துப்பிய இடத்தையும் குறித்துக்கொண்டேன்,
அதையே தடம் என்று எடுத்துவிடக் கூடாதே.

முதல் துளி லாலான் புல்லில்.
நுரை இல்லை.
அடுத்தது கறுப்பு, கூடவே மென்ற தழையின் பச்சை.
வயிற்றில் பட்டிருக்கிறது.
இன்று முழுக்கச் சாகும், பாவம்.
ஓடுகிற உடம்பு இலையைத் தள்ளிக்கொண்டு போகும்,
ஆகவே இரத்தம் அடிப்பக்கத்தில் பூசியிருக்கும்.
இருபது வருசம் பால்மரத்துக்குக் குனிந்த இடுப்பு,
ஒவ்வொரு இலையாகத் திருப்பினேன்.
முழங்கால் உயரம்,
முழங்கால் உயரம்,
ஒரு கல்,
மறுபடி முழங்கால் உயரம்.

பிறகு ஒரு காட்டுமரப் பட்டையில்,
என் தோள் உயரத்தில்,
நான்கு விரல்.

பாக் டின் ஐந்தாவதைத் தேடினார்.
நான் தேடவில்லை.
கீழே சருகில், மங்கில் பால் சொட்டினாற்போல
வட்ட வட்டமாய்,
மேலிருந்து விழுந்த துளிகள்.
சருகின் மேல்பக்கத்தில்.

உரிமம் இல்லாத குழாய்.
லயத்துக்கு வந்தால் கேள்வி,
ஆஸ்பத்திரியில் கேள்வி, அதற்குமேல் போலீஸ்.
அடிபட்டது எப்படிப் போகுமோ
அப்படித்தான் போயிருக்கிறான்:
இறக்கம், இருட்டு, தண்ணீர்.
இரண்டு தடமும் ஒரே பள்ளத்துக்கு.
எதைப் பிடிப்பது என்று நாங்கள்
பேசிக்கொள்ளவே வேண்டியிருக்கவில்லை.

ஓடைக்கரையில் உட்கார்ந்திருந்தான்,
கையைச் சட்டைக்குள் சுருட்டிவைத்து.
எதிர்க்கரையில் கேளையாடு படுத்திருந்தது.
பத்து முழம் இருக்கும்.
ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே
விடிந்திருக்கிறது இருவருக்கும்.
"குத்துக்கம்பி எங்கேன்னு தெரியல அக்கா"
என்றான் என்னிடம். அதுதான் கவலை அவனுக்கு.

பாக் டின் கத்தியை உருவினார்.
எதிர்க்கரையைப் பார்த்தார்.
பிஸ்மில்லா என்று ஆரம்பித்து
தன் சாரோங்கைக் கிழித்தார், இரண்டு முழம்.
மணிக்கட்டில் நான் அழுத்த, அவர் கட்ட,
சூசை மாதாவைக் கூப்பிட,
கட்டி முடிந்து நிமிர்ந்தபோது
மானின் கண்மேல் எறும்பு நடந்தது.
கண் இமைக்கவில்லை.

சுங்கை பாக்காப் ஆஸ்பத்திரியில் கேட்டார்கள்.
ரப்பர் சீட்டு உருளையில் மாட்டியது என்றேன்.
எத்தனை மணிக்கு என்றார்கள்.
அன்று உருளை ஓடாத நாள்.
டிரஸ்ஸர் என்னைப் பார்த்தார், எழுதினார்.

சாயங்காலம் இறைச்சி எட்டுப் பங்கு.
பாக் டின்னுக்குப் பங்கு இல்லை, கேட்கவும் இல்லை.
காயாத கத்தியை ஏன் அப்படிக் கழுவினார் என்று
தெரியவில்லை.

இருட்டுமுன் ஒருதரம் மேலே போனேன்.
பட்டையைச் செதுக்கினேன், சருகைப் புரட்டினேன்,
குழாய்த்துண்டை ஓடைச் சேற்றில் மிதித்துப் புதைத்தேன்.
மானுடையதை அழிக்கவில்லை,
அது அடிப்பக்கத்தில் இருக்கிறது,
யாரும் திருப்பிப் பார்க்க மாட்டார்கள்.
என் வெற்றிலை எச்சில் மட்டும்
பாறைமேல் அப்படியே,
எல்லாவற்றையும்விடச் சிவப்பாக.