நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

நூலகத்தார் காக்கித் தாள் போட்டு ஒட்டிய புத்தகம்.
முதல் நான்கு பக்கங்கள் இல்லை.
பெயர் தெரியாது, எழுதியவர் தெரியாது.
ஐந்தாம் பக்கத்தில் ஏற்கெனவே
ஒருவர் செத்துக் கிடக்கிறார்.

லூர்துநாதன் இதைத்தான் வாசித்துக்கொண்டிருந்தார்,
ஏற்காட்டில் பஸ் நிற்கும் இருபது நிமிடங்களில்,
தோல்பையை மடியில் வைத்து
அதன்மேல் புத்தகத்தை வைத்து.
இறங்கும்போது வாசிக்க மாட்டார்.
ஒன்பதாம் வளைவிலோ பத்திலோ
யாராவது ஒரு பிள்ளைக்குக் குமட்டும்.
சட்டைப்பையில் எலுமிச்சம்பழம் இருக்கும்.

நூற்றுப் பன்னிரண்டில் அடையாளத்துக்கு ஒரு டிக்கெட்.
மெஷின் டிக்கெட், மை நிற்காது.
ஊர் பெயர் போய்விட்டது, காசு போய்விட்டது.
தேதியில் மாதம் மட்டும்
வெளிச்சத்தில் சாய்த்தால் தெரிகிறது.

பெரியாஸ்பத்திரியில் மூன்றாம் நாள்
மூக்குக் குழாயை நகர்த்திவிட்டுச் சொன்னார்:
"செசிலி, கம்பவுண்டர்தான். எழுதி வெச்சுக்க."
மருந்துச் சீட்டைச் சொல்கிறார் என்று நினைத்துக்
கம்பவுண்டரைத் தேடி
இரண்டு மாடி இறங்கிப் போனேன்.
வரிசையில் நின்றேன்.
திரும்பி வந்தபோது தூங்கிக்கொண்டிருந்தார்.
அந்தத் தூக்கத்தைப் பற்றி
இங்கே எழுதப் போவதில்லை.

முப்பதாம் நாள் பூசைக்குள்
ஆறுதல் புத்தகங்கள் மூன்று வீட்டுக்கு வந்தன.
ஒன்றின் அட்டையில் சூரியன் உதிக்கிறது,
இன்னொன்றில் மறைகிறது,
எது எதுவென்று சொல்ல முடியவில்லை.
எல்லாமே என் கையைப் பிடித்துக்கொண்டு பேசின.
எனக்குக் கை வலித்தது.

கிளை நூலகத்திலிருந்து இளவழகி கூப்பிட்டாள்.
"அபராதம் எல்லாம் வேண்டாங்க்கா, புத்தகம் மட்டும்..."
"இன்னும் படிச்சு முடிக்கலைம்மா" என்றேன்.
யார் முடிக்கவில்லை என்று
அவளும் கேட்கவில்லை.

அன்று ராத்திரி ஐந்தாம் பக்கத்தில் ஆரம்பித்தேன்.
கோரிமேட்டில் கடைசி பஸ் கியர் மாற்றி ஏறும் சத்தம்.
இந்தக் கதையில் யாரும் என்னைத் தேற்றவில்லை.
பிணத்தைச் சுற்றி எல்லோரும் பொய் சொன்னார்கள்,
டீ குடித்தார்கள், கதவைப் பூட்ட மறந்தார்கள்.
எவ்வளவு நிம்மதி.
ஒரு சாவு, அதற்கு ஒரு காரணம்,
அதைக் கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்கும் ஓர் ஆள்.

நூற்றுப் பன்னிரண்டுக்கு வந்தேன்.
டிக்கெட்டை எடுத்தால், அடியில், ஓரத்தில்,
ஊதா மையில் யாரோ எழுதியிருக்கிறார்கள்:
கம்பவுண்டர்தான்!
அவர் கையெழுத்து இல்லை.
ஆக, காப்பியடித்திருக்கிறார் என் புருஷன்.
சாகக் கிடக்கும்போதும்
சொந்தக் கண்டுபிடிப்பு போல அவ்வளவு தோரணை!
சிரித்தேன். வாயைப் பொத்திக்கொண்டு.
பக்கத்து வீட்டில் விளக்கு எரிந்தது.

அதற்கப்புறம் பதினொரு நாள்
பக்கத்தைத் திருப்பவில்லை.
இதுவரை அவர் போன வழி,
ஒவ்வொரு வளைவும் அவருக்குத் தெரியும்.
அடுத்த பக்கத்தில் நான் மட்டும்.

பன்னிரண்டாம் நாள் மத்தியானம்
அடுப்பில் பால் இருக்கும்போதே திருப்பினேன்.
பால் பொங்கி வழிந்தது. துடைக்கவில்லை.

கம்பவுண்டர் இல்லை.
நூற்று நாற்பதில் புதிதாக ஒரு சர்வேயர் வருகிறான்,
சங்கிலியும் குடையுமாக.
அவன்தான்.
அநியாயம்! அதுவரை அவன் பெயர்கூட வரவில்லை.
எப்படிச் சொல்லியிருக்க முடியும் நீங்கள்?
யாரால்தான் சொல்லியிருக்க முடியும்?

புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க மலை ஏறினேன்.
கண்டக்டர் சின்னப் பையன், என்னைத் தெரியும் போல,
காசு வாங்கத் தயங்கினான்.
வாங்கிக்கோ என்றேன்.
டிக்கெட்டில் எழுத்து கருகருவென்று இருந்தது.

இளவழகியின் மேசையில் பேனா கிடந்தது.
ஊதா எழுத்துக்குக் கீழே
'இல்லை' என்று எழுதலாமா?
எடுத்தேன். மூடி வைத்தேன்.
இனிமேலும் யாராவது அந்தப் பக்கத்தில்
நிச்சயமாக இருந்துவிட்டுப் போகட்டும்.
வெளுத்த டிக்கெட்டையும்
அங்கேயே விட்டுவிட்டேன்.

"வேற எடுக்கறீங்களாக்கா?"
"கொலை இருக்கணும்" என்றேன்.
அவள் அவருடைய அட்டையிலேயே
பதிந்து கொடுத்தாள்.