கடைசிப் படகு போன பிறகு

பிராஸாவில் கேட்பார்கள்:
அந்தக் கின்ஷாசாவில் எப்படித்தான் இருக்கிறீர்கள்?
கின்ஷாசாவில் கேட்பார்கள்:
அந்த பிராஸாவில் என்னதான் இருக்கிறது?
நின்று பதில் சொல்ல எனக்கு நேரமில்லை.
நிற்கவும் முடியாது.
மூன்று சக்கர வண்டி,
கையால் சுற்றும் மிதி,
கால் நீட்ட வேண்டிய இடத்தில்
பதினான்கு பெட்டி சோப்பு.

வாரத்தில் ஐந்து நாள் ஆற்றைக் கடக்கிறேன்.
கால் நடக்காதவளுக்குப் படகில் சலுகைக் கட்டணம்.
ஆகவே இரண்டு கரையிலும்
என்னைவிட அதிகம் நடந்தவள்
யாருமில்லை.

எங்கள் தெருவில் மூன்று ஒலிபெருக்கிகள்,
மூன்றும் வேறு வேறு பாட்டு,
நான்காவதாகப் பிரசங்கம்.
கரண்ட் வந்தால் தெருவே கூவும்,
போனால் அதைவிடச் சத்தமாகக் கூவும்.
மழை பெய்தால் போதும்,
சாக்கடைக்கு எல்லார் வீட்டு விலாசமும் தெரியும்.
மஞ்சள் டாக்சியில் நால்வர் இடத்தில் எட்டுப் பேர்.
ஒன்பதாவது ஆள் கதவைப் பிடித்துக்கொண்டு
கொஞ்சம் நகருங்கள் என்பார்.
நகர்வார்கள்.
அதுதான் எனக்கு இன்னும் புரியாத கணக்கு.

அந்தப் பக்கம் மாமர நிழல்.
நடைபாதையில் நடக்கிறார்கள்.
பச்சை டாக்சிக்காரர்
சில்லறையை எண்ணித் திருப்பித் தருகிறார்,
முதல் தடவை நான் பயந்தே போனேன்.
பாகோங்கோவில் ஞாயிறு மாலை
எலுமிச்சை நிறக் கோட்டில் ஒரு கொத்தனார்
தெருவைக் கடக்கப் பத்து நிமிடம் எடுத்துக்கொள்வார்.
ஒருவரும் ஹாரன் அடிப்பதில்லை.
எங்கள் ஊர்க் கோட்டுக்காரர்கள்
சகதியைத் தாண்டிக் குதிக்க வேண்டும்.
குதிப்பதையே ஒரு ஸ்டைலாக்கிவிட்டார்கள்,
அது வேறு விஷயம்.

மரவள்ளிக் கீரையை இடித்து வேகவைத்தால்
எங்களுக்கு அது பொண்டு,
அவர்களுக்குச் சக்கா-சக்கா.
சுங்கச் சாவடி ம்பாஸி
தூக்குப் பாத்திரத்தைத் திறந்து காட்டுவார்:
சமையல் என்றால் இது, ங்காலுலா.
நான் முகர்ந்து பார்த்து
உப்பு குறைவு என்பேன்.
ஏழு வருட வழக்கு.
வாய்தா மேல் வாய்தா.

அன்று இறங்குதுறைச் சரிவில் சங்கிலி அறுந்தது.
வெல்டர் 'நாளைக்கு' என்றார்.
(எங்கள் வெல்டர் 'இப்போதே' என்பார்,
மூன்று நாள் கழித்துக் கொடுப்பார்.)
ஆகாயத்தாமரைக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு
கடைசிப் படகு என்னை விட்டுப் போயிற்று.

ம்பாஸியின் அக்கா பெர்னதெத் வீடு, பொத்தோ-பொத்தோவில்.
கிழியாத கொசுவலை.
குழாயைத் திறந்தால் தண்ணீர்!
படுத்தேன்.
சத்தமே இல்லை.
ஒரு நாய் குரைத்தது,
குரைத்திருக்கக் கூடாது என்று நினைத்ததுபோல் நிறுத்தியது.
மணி இரண்டு. நெஞ்சு படபடத்தது.
எங்கள் தெரு இவ்வளவு அமைதியானால்
உடனே கதவைத் தாழிட வேண்டும்,
ஏதோ வரப்போகிறது என்று அர்த்தம்.

வாசல் படியில் பெர்னதெத் முழித்திருந்தாள்.
தூக்கம் வரவில்லையா?
ரொம்ப அமைதி, என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.
தொண்ணூற்றேழில் இங்கே நிறையச் சத்தம், என்றாள்.
பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு
உங்கள் கரைக்கு ஓடிவந்தேன்.
நான்கு மாதம்.
ஒரு ராத்திரி தூங்கவிட்டீர்களா?
விடிய விடிய மேளம், கிட்டார், சண்டை, கல்யாணம்.
குண்டு இல்லையே என்று
கேட்டுக்கொண்டே படுத்திருந்தேன்.

எவ்வளவு நேரம் போயிற்றோ,
காற்று திரும்பியது.
தண்ணீருக்கு மேலாக, மெலிதாக,
டும் டும் என்று ஏதோ.
உங்களுடையதா?
எங்களுடையதுதான்.
தலையைச் சாய்த்துக் கேட்டாள்.
தாளம் கொஞ்சம் முந்துகிறது, என்றாள்.
முந்தத்தான் செய்தது.
நான் ஒப்புக்கொள்ளவில்லை.
கொசுவலையைப் பாய்க்கடியில் செருகிக்கொண்டு
அப்படியே தூங்கிப்போனேன்.